ஃபிளாங்கராக ஆடியவர் கூரைமேல் ஏறியது ஏன்? ராஸி எராஸ்மஸ் பற்றி ஒரு விவாதம்

பாலாற்றுமணல் (குடியாத்தம்)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என் ஆட்டம் கபடிதான். ஆனால் 2025-இல் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் பட்டத்தைச் சென்னை புல்ஸ் வென்ற பிறகு, மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் முட்டை வடிவப் பந்தோடு வந்து நின்றார்கள். அவர்களுக்காகப் படிக்கத் தொடங்கியவன், தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸிடம் வந்து நின்றுவிட்டேன். அவரைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை அவரிடம் இழுத்தது உலகக்கோப்பை அல்ல, விளக்குகள். 2004-இல் அவர் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு அணிகளில் ஒன்றான ஃப்ரீ ஸ்டேட் சீட்டாஸுக்குப் பயிற்சியாளரானார். ப்ளூம்ஃபோன்டெய்ன் மைதானத்தின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு, வண்ண விளக்குகளை எரியவிட்டுக் களத்திலிருந்த வீரர்களுக்கு அடுத்த நகர்வைச் சொன்னார் என்று படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்று உடனே நினைவுக்கு வந்தது.

ஆம்பூரில் ஒரு கபடிப் போட்டி. ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம், நேரம் முடிய இரண்டு பாட்டுகள் (ரெய்டுகள்) தான் பாக்கி. எங்கள் பையன் உள்ளே போய், பாடிப் போகிறவர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைனைத் தாண்டிவிட்டுத் திரும்பினால் போதும். அதைத்தான் நான் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பம்பையும் விசிலும் அடித்த அடியில் என் குரல் அவனிடம் போகவில்லை. அவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான், கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். அடுத்த பாட்டில் எதிரணி ஒரு புள்ளி எடுத்தது, தோற்றோம். அன்று இரவு பேருந்தில் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தவறு அவனுடையது அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை, அவனுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு நொடியில் அவன் கண்ணில் பட வைக்க எனக்கு வழி இல்லாமல் போயிற்று. எராஸ்மஸ் அதற்குத்தான் கூரைமேல் ஏறியிருக்கிறார்.

விளையாட்டு வீரராக அவர் எப்படிப்பட்டவர், அந்த வாழ்க்கை பயிற்சியாளர் வாழ்க்கைக்குள் எப்படிப் பாய்ந்தது என்பதை விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

ஆம்பூர்ப் பையன் (காட்பாடி, பொறியியல் மாணவர்)

ஐயா, கல்லூரி அணியில் நான் ஆடுவது அவர் ஆடிய அதே ஃபிளாங்கர் இடத்தில்தான். அதனால் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்க்ரம் என்பது இரு அணிகளின் எட்டெட்டு முன்னணி வீரர்கள் தோளோடு தோள் பூட்டித் தள்ளுவது. அதில் இரு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் ஃபிளாங்கர்கள். பந்து வெளியே வந்ததும் முதலில் பிரிந்து ஓட வேண்டியவர்கள் அவர்கள். தலை குனிந்து தள்ளும்போதே, பந்து எந்தப் பக்கம் போகும், யார் தனித்து மாட்டுவார் என்று கணக்குப் போட்டாக வேண்டும். உடல் ஸ்க்ரத்துக்குள் இருந்தாலும் மனம் அடுத்த இரண்டு நகர்வுகளில் இருக்க வேண்டிய இடம் அது. என் கணக்குப் பெரும்பாலும் அரை நொடி தாமதமாகத்தான் வருகிறது, அதனால்தான் அவரைப் பார்த்து வியக்கிறேன்.

எராஸ்மஸ் 1972-இல், போர்ட் எலிசபெத்துக்கு அருகிலுள்ள டெஸ்பாட்ச் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1997 ஜூலையில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸுக்கு எதிரான மூன்றாவது டெஸ்டில் (ரக்பியில் சர்வதேச ஆட்டத்துக்கு அதுதான் பெயர்) தென்னாப்பிரிக்காவுக்கு முதன்முதலாக ஆடினார். தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது, ஆனால் அந்த ஆட்டத்தை 35-16 என்று வென்றார்கள். அதன்பின் நிக் மாலெட்டின் பயிற்சியில் அந்த அணி தொடர்ந்து 17 டெஸ்டுகளை வென்று அன்றைய உலகச் சாதனையைச் சமன் செய்தது. அந்தக் காலத்து அணியில் இவரும் ஒருவர். 1999 உலகக்கோப்பையில் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்று, நியூசிலாந்தை வென்று மூன்றாம் இடம் பெற்றார்கள். 2001 வரை மொத்தம் 36 டெஸ்டுகள், 7 டிரைகள் (டிரை என்பது பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது).

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மற்றவர்கள் பயிற்சி முடிந்து ஓய்வெடுத்த காலத்தில், இவர் ஆட்டக் காணொளிகளைக் கணினியில் துண்டு துண்டாகப் பிரித்து எதிரணியின் பழக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், அதுவும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர், இப்படிச் செய்தது அபூர்வம். களத்தை விட்டபின் பயிற்சியாளராவோம் என்று முடிவெடுத்தவராக எனக்கு அவர் தெரியவில்லை. ஆடும்போதே அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

தொரப்பாடி வாசகி

வேலூரில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன், வீட்டில் எல்லோரும் பிசியோ என்றுதான் சொல்வார்கள். இந்தக் கதையில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு எராஸ்மஸை மட்டும் பேசக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஜாக் நீனாபர் அடிப்படையில் ஒரு பிசியோ. ப்ளூம்ஃபோன்டெய்னில் வீரர்களின் காயங்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரை, முதலில் உடற்தகுதிப் பயிற்சிக்கும் பிறகு தற்காப்புப் பயிற்சிக்கும் கொண்டுவந்து உட்கார வைத்தவர் எராஸ்மஸ். 2016-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்குச் சென்றபோதும், 2018-இல் தென்னாப்பிரிக்க அணிக்குத் திரும்பியபோதும் இருவரும் சேர்ந்தே சென்றார்கள். 2019 உலகக்கோப்பைக்குப் பிறகு எராஸ்மஸ் ரக்பி இயக்குநர் பொறுப்பை மட்டும் வைத்துக்கொள்ள, தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு நீனாபரிடம் வந்தது. 2023 உலகக்கோப்பையை வென்ற அணியின் தலைமைப் பயிற்சியாளர், பெயருக்கும் பொறுப்புக்கும், ஒரு பிசியோ.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பெரிய செய்தி. காயமுற்ற ஒருவர் மேசையில் படுத்திருக்கும்போது, அவர் எப்படி விழுந்தார், எந்தக் காலை ஊன்றினார், எந்தத் தோளை முன்னால் கொடுத்தார் என்று நாங்கள் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போகிறோம். ஒரு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது) எங்கே தவறியது என்பதை அந்தக் கேள்விகள் துல்லியமாகக் காட்டிவிடும். தற்காப்பைக் கற்பிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? எராஸ்மஸ் அதைக் கண்டுகொண்டார். ஆள் யார், எங்கே ஆடினார் என்று பார்க்காமல், என்ன பார்க்கிறார் என்று பார்த்திருக்கிறார்.

ஐயா சொன்ன விளக்குகள் 2023 உலகக்கோப்பையில் மீண்டும் வந்தன. பயிற்சியாளர் அறையிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டினார்கள். அவை காயத்தின் தீவிரம் பற்றிய செய்திகள் என்று நீனாபர் விளக்கினார். எண்பது நிமிடமும் ஆரவாரம் அடங்காத ஒரு மைதானத்தில், இவர் தொடர்ந்து ஆடலாமா வெளியே வர வேண்டுமா என்பதை உடனே தெரிவிப்பது எவ்வளவு அவசியம் என்று எனக்குத் தெரியும்.

காட்பாடி ஜங்ஷன் (ஓய்வு)

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டு பணிசெய்து ஓய்வு பெற்றவன். வாலிபத்தில் கால்பந்து ஆடியவன், பிறகு நீண்ட காலம் நடுவராகவும் ஓடியவன். எல்லோரும் புகழ்வதைப் படித்தேன், மறுக்கவில்லை. ஆனால் 2021-ஐ விட்டுவிட்டு இவர் கதையைச் சொல்ல முடியாது.

லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. முதல் டெஸ்டில் 22-17 என்று தென்னாப்பிரிக்கா தோற்றது. உடனே இவர் 62 நிமிடக் காணொளி ஒன்றில், அந்த ஆட்டத்தின் நடுவர் நிக் பெர்ரியின் முடிவுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் குறை சொன்னார். அது உலகம் முழுவதும் பரவியது. அதே தொடரில் இயக்குநராக இருந்துகொண்டே தண்ணீர் கொண்டுபோகும் ஆளாகக் களத்துக்குள் நடந்தார். உலக ரக்பி அமைப்பு அவருக்கு இரண்டு மாதம் எல்லா ரக்பிப் பணிகளிலிருந்தும் தடை விதித்தது. 2022 செப்டம்பர் இறுதிவரை ஆட்ட நாள் பொறுப்புகளையும் தடுத்தது. தலைமைப் பயிற்சியாளரோ இயக்குநரோ தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று விதியே பிறகு வந்தது.

கோடை வெயிலில் கோட்டை மைதானத்தில் நடுவராக நின்றவனுக்குத் தெரியும். நாம் ஒரு தவறு செய்வோம், அடுத்த நொடியே அது நமக்கே தெரிந்துவிடும், ஆனால் திரும்பப் பெற முடியாது. ஒரு முறை ஆட்டம் முடிந்து சைக்கிளைத் தேடினால் இரண்டு டயரிலும் காற்று இல்லை, வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன். பயிற்சியாளர் ஒருவர் பகலில் சொல்லும் சொல்தான் மாலையில் கூட்டத்தின் கையில் கல்லாகிறது. இவ்வளவு அறிவுள்ள மனிதர் அதை உணர்ந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. 2023-இல் காலிறுதியில் பிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15, இறுதியில் நியூசிலாந்தை 12-11. மூன்றும் ஒரே புள்ளியில். இதில் திட்டம் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

பாலாற்றுமணல் (குடியாத்தம்)

ஐயா, நடுவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அந்தக் காணொளிக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. அதிகாரமுள்ள ஒருவர் தனி மனிதர் ஒருவரைப் பொதுவெளியில் நிறுத்தியது தவறு. ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் அதே திறமைதான் அங்கே ஒரு மனிதரைக் காயப்படுத்தப் பயன்பட்டது என்பதே எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்தத் தொடரை அவர்கள் 2-1 என்று வென்றார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

ஒரு புள்ளி பற்றி நம் மாணவர் பதில் சொல்வார் என்று நம்புகிறேன்.

ஆம்பூர்ப் பையன் (காட்பாடி)

அந்தக் காலிறுதியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. இரண்டு காட்சிகளை மட்டும் சொல்கிறேன்.

பிரான்ஸ் ஒரு டிரை போட்டது. அதன்பின் கிடைக்கும் கன்வெர்ஷன் உதைக்கு 2 புள்ளிகள். தோமா ராமோஸ் பந்தை வைத்துவிட்டு உதைக்க நகர்கிறார். அவர் நகர ஆரம்பித்த பிறகு எதிரணியினர் தங்கள் கோல் கோட்டிலிருந்து ஓடிவந்து தடுக்கலாம் என்பது விதி. ஆனால் யாரும் எட்ட மாட்டார்கள் என்பதால் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் ஓடுவார்கள். செஸ்லின் கோல்பி நிஜமாகவே ஓடினார், கையை நீட்டினார், பந்து கையில் பட்டுச் சிதறியது. ஆட்டம் முடிந்தபோது வித்தியாசம் 1. அது அதிர்ஷ்டமா என்றால், கோல்பியின் கால் வேகம் அதிர்ஷ்டம் இல்லை, யாரும் ஓடாத இடத்தில் ஓட வேண்டும் என்ற பழக்கமும் அதிர்ஷ்டம் இல்லை.

இரண்டாவது, டேமியன் வில்லெம்சே. தன் 22 மீட்டர் கோட்டுக்குள் எதிரணி உதைத்த பந்தை நேராகப் பிடித்து 'மார்க்' (தடையின்றி ஃப்ரீ கிக் எடுக்கும் உரிமை) கேட்டார். அந்த நிலையில் எல்லோரும் பந்தை உதைத்துத் தூர அனுப்பிவிடுவார்கள். இவர் ஸ்க்ரம் வேண்டும் என்று கையால் காட்டினார். அன்றைய விதிப்புத்தகத்தில் அந்த உரிமை இருந்தது, 2024-இல் அதை நீக்கிவிட்டார்கள். ஆனால் உலகக்கோப்பைக் காலிறுதியில், சொந்த எல்லைக்குள், அதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். எதிரணியின் கனமான எட்டுப் பேரும் மூச்சு வாங்காமல் மீண்டும் தள்ளியே ஆக வேண்டும் என்பதுதான் கணக்கு. விதியைப் படித்தவர்கள் பலர், அதற்குள் பயன்படாமல் கிடந்த கதவைத் திறந்தவர் இவர்.

இருந்தாலும் மூன்று முறை ஒரு புள்ளி என்பதில் காற்றும் கொஞ்சம் உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஐயா.

சத்துவாச்சாரி இரும்பு

காமன்வெல்த் போட்டிகளில் 2014-இலும் 2018-இலும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர்க்காரன் நான். பளுதூக்கும் பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்க்ரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

தள்ளுவது தோளால் அல்ல, தொடையாலும் இடுப்பாலும். முதுகு வளையாமல், குதிகால் தரையைப் பற்றி, எட்டுப் பேரும் ஒரே மூச்சில் எழும்ப வேண்டும். எங்கள் கூடத்தில் கனமான ஸ்குவாட்டை ஐந்து முறை எடுத்தவனிடம் ஆறாவது முறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முழங்கால்கள் உள்ளே சாயும், மார்பு கவிழும். மனத்தில் எவ்வளவு வீரம் இருந்தாலும் களைத்த தசை பொய் சொல்லாது.

எராஸ்மஸ் மாற்று வீரர்களைப் பயன்படுத்திய விதம் இந்த உண்மையின்மேல் கட்டப்பட்டது. மாற்று வீரர்கள் 8 பேர். வழக்கமாக அதில் 5 பேர் முன்னணிக்கு, 3 பேர் பின்னணிக்கு. இவர் 2019-இல் அதை 6-2 ஆக்கினார். கிட்ஷாஃப், மார்க்ஸ், காக் என்ற உலகத்தர முன்வரிசையே வெளியே உட்கார்ந்திருந்து, எதிரணி களைத்த நேரத்தில் உள்ளே வந்தது. 'பாம் ஸ்குவாட்' என்று அதற்குப் பெயர் வந்தது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஸ்க்ரம் மீண்டும் மீண்டும் உடைந்தது, ஹான்ட்ரே பொலார்ட் உதைகளிலேயே 22 புள்ளிகள் எடுத்தார், முடிவு 32-12. 2023 இறுதியில் ஒருபடி மேலே போய் 7-1 வைத்தார். அந்த ஒரே பின்னணி மாற்று வீரருக்குப் பிறகு இன்னொருவர் காயமுற்றால் கதை முடிந்தது என்று தெரிந்தே வைத்தார்.

இது ஆட்டத்தின் இயல்பைக் கெடுக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. விதி இடம் கொடுக்கும்வரை அது குற்றம் அல்ல என்பது என் கருத்து. அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பாருங்கள். உலகின் சிறந்த வீரர் ஒருவரிடம் 'நீ முதலில் இறங்க வேண்டாம், பின்னால் வா' என்று சொல்லி, அதைத் தாழ்வாக நினைக்காமல் பெருமையாக நினைக்க வைத்திருக்கிறார். என் கூடத்தில் ஒரு பையனைப் பட்டியலில் இரண்டாவதாகப் போட்டாலே அவன் அப்பா மறுநாள் காலையில் வந்து நிற்கிறார்.

தொரப்பாடி வாசகி

இரும்பு அண்ணன் சொன்ன அந்தக் கடைசிச் செய்திதான் எனக்கும் மையமாகத் தெரிகிறது. அது அவரால் எப்படி முடிந்தது என்று தேடினால் 2018-க்குப் போக வேண்டியிருக்கிறது.

அவர் பொறுப்பேற்றபோது அந்த அணி நொந்து கிடந்தது. 2016-இல் இத்தாலியிடம் முதன்முறையாகத் தோற்றிருந்தார்கள், 2017-இல் நியூசிலாந்திடம் 57-0. இவர் பயிற்சியாளராக எதிர்கொண்ட முதல் ஆட்டமே வேல்ஸிடம் 22-20 தோல்வி. அதற்கடுத்த வாரம் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் சியா கோலிசியைத் தலைவராக்கினார். டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பின வீரர் கோலிசி. அந்த நாட்டில் ரக்பி யாருடைய ஆட்டமாக நெடுங்காலம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். போர்ட் எலிசபெத்தை அடுத்த ஸ்விடே குடியிருப்பில் வறுமையில் வளர்ந்தவர் அவர். எராஸ்மஸ் பிறந்த டெஸ்பாட்ச் அங்கிருந்து தூரமில்லை. அருகருகே இருந்தும் ஒருவர் உலகம் மற்றவருக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்த இரண்டு ஊர்கள். அந்த முதல் ஆட்டத்தில் 24-3 என்று பின்தங்கியவர்கள் 42-39 என்று வென்றார்கள்.

மன்ஸ்டரில் இருந்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆண்டனி ஃபோலி, ஆட்டத்துக்காகப் பாரிஸ் சென்றிருந்தபோது விடுதி அறையில் இறந்துவிட்டார். வந்து சில மாதங்களே ஆன வெளிநாட்டவரான எராஸ்மஸ், துயரத்தில் இருந்த அணியை ஏற்று நடத்தி, அந்தப் பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிவரை கொண்டுபோனார். வேறொரு ஊரின் துக்கத்தில் உட்கார்ந்து கற்றது விளக்குகளாலும் கணினியாலும் வரக்கூடியது அல்ல.

காட்பாடி ஜங்ஷன் (ஓய்வு)

அம்மா, ஃபோலி விவரம் எனக்குத் தெரியாது. படித்ததும் சற்று நேரம் எழுத முடியவில்லை. 2021 பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் இந்த மனிதரை முழுதாகப் பார்க்க இது உதவியது.

பயிற்சி ஆசிரியரிடம் ஒரு கேள்வி. இதிலிருந்து உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன எடுத்துக்கொண்டீர்கள்?

பாலாற்றுமணல் (குடியாத்தம்)

கைக்குட்டைகள், ஐயா. சிரிக்காமல் கேளுங்கள். கபடி அணிக்கு மூன்று வண்ணங்கள் வைத்திருக்கிறேன். வெள்ளை என்றால் பாக் லைனைத் தாண்டித் திரும்பு, மஞ்சள் என்றால் போனஸ், சிவப்பு என்றால் புள்ளி எடுத்தே தீர வேண்டும். முதலில் பையன்கள் என் கையைப் பார்க்கவே மறந்தார்கள். பிறகு புரிந்தது, நடுக்கோட்டுக்குப் போகும் முன் மூச்சை இழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் அவர்கள் கண் என் பக்கம் வருகிறது. அப்போது காட்டினால் தவறுவதில்லை. எங்கே காட்டுவது என்பதைவிட எப்போது காட்டுவது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு பருவம் ஆனது.

இன்னொன்றும் எனக்கு ஊக்கம் தந்தது. 2025 ஜூலையில் இத்தாலிக்கு எதிரான தொடரில், லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து எறியும்போது) செய்வதுபோல நடுக்களத்திலேயே ஒருவரைத் தூக்கிப் பந்தைப் பிடிக்க வைத்து, அப்படியே அவரைச் சூழ்ந்து பிடித்து 'மால்' கட்டித் தள்ளினார்கள். அதை ஒரு பள்ளி அணியிடமிருந்து எடுத்ததாக எராஸ்மஸ் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை உலகக்கோப்பை வென்றவர் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! அடுத்த நாள் வகுப்பில் அதைச் சொன்னபோது என் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

இப்போது ரக்பிக்கு வருகிறேன். கபடிப் பிள்ளைகள் டேக்கிளுக்கு அஞ்சுவதில்லை, தொடைப்பிடி அவர்களுக்குத் தண்ணீர்பட்டபாடு. ஆனால் தலையைத் தப்பான பக்கம் வைக்கிறார்கள். இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

ஆம்பூர்ப் பையன் (காட்பாடி)

ஓடிவருபவரின் உடலுக்கு முன்னால் தலை போகவே கூடாது, ஐயா. கன்னம் அவர் இடுப்பின் பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், இரண்டு கையும் சுற்றிப் பூட்ட வேண்டும். முதலில் முழங்காலில் நின்றபடி, பிறகு நடந்தபடி, அதன்பின்தான் ஓடி. இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் இரண்டு நண்பர்களும் குடியாத்தம் வருகிறோம். பந்து எங்களிடம் நான்கு இருக்கிறது.

தொரப்பாடி வாசகி

வருவதாக இருந்தால் ஒரு நிபந்தனை. பிள்ளைகளை எடுத்த எடுப்பில் ஸ்க்ரத்தில் பூட்டாதீர்கள். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஸ்க்ரத்தை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது என்று விதி இருப்பதே கழுத்துக்காகத்தான். முதல் ஆறு வாரம் கழுத்துக்கும் தோளுக்குமான பயிற்சிகள் மட்டும் நடக்கட்டும், ஞாயிறு நானே வந்து காட்டுகிறேன். இரும்பு அண்ணன் வந்து இடுப்பிலிருந்து எப்படி எழும்புவது என்று சொல்லிக்கொடுத்தால் நல்லது.

சத்துவாச்சாரி இரும்பு

வருகிறேன், அம்மா. ஐந்தே காலுக்குப் பழைய பேருந்து நிலையத்தில் நிற்பேன். ஜங்ஷன் ஐயாவும் விசிலோடு வரட்டும், நடுவர் இல்லாமல் எப்படி ஆடுவது?

காட்பாடி ஜங்ஷன் (ஓய்வு)

விசில் இருக்கிறது. ரக்பி விதிப்புத்தகத்தை வெள்ளிக்கிழமைக்குள் யாராவது அனுப்பி வையுங்கள், படித்துவிட்டு வருகிறேன்.